கண்ட்ரோல் வாளி

நவம்பர் 13

கோயம்புத்தூர் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இடது மார்பில் பழுப்பு மருந்தைத் தாராளமாகத் தடவினார்கள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, சதை எடுக்க ஒரு பெரிய ஊசி, மேலே ஒரு பிளாஸ்திரி. முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். டாக்டரம்மா, "கூட யாரும் வரலீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் இரண்டு முறையும் இல்லை என்றேன்.

வீட்டில் கருத்தரங்கு என்று சொல்லியிருந்தேன். மதியச் சாப்பாடு எப்படி என்று என் கணவர் கேட்டார். கருத்தரங்குச் சாப்பாடுதான் என்றேன். பொய் சொல்வது நான் நினைத்திருந்ததைவிடச் சுலபம்.

முடிவு தெரியாத ஒன்றை வீட்டில் பேசிப் பயனில்லை. மூன்று பேர் கவலைப்படுவதால் ஒரு செல்கூடத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது.

அலுப்பு. ரவிக்கையைக் கழற்றி அழுக்குத்துணி வாளியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 14

வீட்டில் வாஷிங் மெஷின் வந்து பதினைந்து வருடமாகியும் பருத்தி ரவிக்கைகளுக்கு வடிகஞ்சி போடும் உரிமையை என் மாமியார் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் அவர் குரல் கொல்லையிலிருந்து வந்தது.

"அம்மிணி, இங்க வந்து பாரு இந்த அக்குருமத்த! ஒரு நா போட்டதுதானேன்னு வெறுந்தண்ணில அலசிக் கஞ்சில முக்குனேன். முக்குன கையோட நீலமாப் பூத்துக்கிச்சு!"

என் வெள்ளை ரவிக்கையின் இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கருநீலம்.

"உன்ற புருசன் லுங்கிச் சாயம்தான். நான் அப்பவே சொன்னேன், அந்த லுங்கி ஆவாதுன்னு."

புண்ணுக்குத் தடவும் பழுப்பு மருந்தில் அயோடின் இருக்கிறது. அயோடினும் கஞ்சியும் சேர்ந்தால் நீலமாகும். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் இருபத்து நான்கு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். முதலாமாண்டில் முதல் வாரமே செய்துகாட்டும் சோதனை இது. விட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

"மை பட்டிருக்குமுங்கத்தை," என்றேன். "தானாப் போயிரும்."

அத்தை அப்படியே பிழிந்து கொடியில் போட்டார். எனக்கு முதல் மணி வகுப்பு. ஓடிவிட்டேன்.

மாலையில் வந்தபோது ரவிக்கை இன்னும் கொடியில் இருந்தது. அதன் கீழே என் கணவர் காபி டம்ளரோடு நின்றிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்றதற்கு மழை வருமா என்று பார்ப்பதாகச் சொன்னார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பிறகு மிருதுளா துணி எடுக்க வந்தாள். என் மகளாகப் பிறந்து இருபத்து மூன்று வருடத்தில் அவள் தானாக வந்து துணி எடுத்து நான் பார்த்ததில்லை. எடுத்ததோடு நில்லாமல் அந்த ரவிக்கையை முகர்ந்தும் பார்த்தாள்.

"என்னடி?"

"சோப்பு வாசனை நல்லாருக்கும்மா."

அதில் சோப்பே போடவில்லை.

நவம்பர் 16

காலையில் அத்தை சிவப்புச் சேலை, சிவப்பு ரவிக்கை, கழுத்தில் மாலையோடு சமையலறைக்கு வந்தார். தைப்பூசம் வரை விரதமாம். இனி அவரைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக்கூடாது, 'சக்தி' என்றுதான் கூப்பிடவேண்டும்.

"எதுக்குங்கத்தை திடீர்னு?"

"என்ற முட்டிக்காலு தேவலையாவோணும்னு."

அவர் முட்டிக்காலில் ஒரு கோளாறும் கிடையாது. மொட்டைமாடிக்கு என்னைவிட வேகமாக ஏறுவார்.

நவம்பர் 17 (கார்த்திகை 1)

இன்று காலை அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம். எம்.எஸ்ஸி.யில் என் பக்கத்து மேசையில் நின்று, கடவுள் இருப்பதற்கான ஆதாரம் எங்கே என்று கேட்டு நான்கு பீக்கர் உடைத்த குழந்தைவேலு. இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆதாரம் கேட்கும் வேலையில்தான் இருக்கிறார்.

"எதுக்குங்க?"

"சும்மாதான். ஆபீஸ்ல எல்லாரும் போடறாங்க."

"எல்லாரும்னா?"

"நாலு பேரு."

"உங்க ஆபீஸ்ல அறுபது பேரு."

"அப்ப நாலு பேரு போடறாங்க," என்றார் வெகு சாந்தமாக. சாமிகள் கோபப்படக்கூடாதாம்.

இனித் தரையில் படுக்கை, தனி அறை. ஒரு வகையில் எனக்கும் அது வசதி. பிளாஸ்திரி இன்னும் எடுக்கவில்லை.

நவம்பர் 19

மிருதுளா பச்சைச் சுடிதார், பச்சைத் துப்பட்டா. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கப்போகிறாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண். தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரில் போகிறவள்.

"எதுக்குடி?"

"எடை குறையும்மா."

அவள் அப்பா சாமி, அவள் அப்பத்தா சக்தி, அவளும் இப்போது சாமி. வீட்டில் பேருள்ள ஆள் நான் ஒருத்திதான் மிச்சம். கறிக்குழம்பு வாசனை தை மாதம் வரை இந்த வீட்டுப் பக்கம் வராது. முட்டைகூடக் கிடையாது. நான் எதற்கும் வேண்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் தண்டனை எனக்கும் உண்டு.

நவம்பர் 22

எதிர்பார்த்தது நடந்துவிட்டது.

விரதத் துணியை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது என்று மூவருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொருவரும் அவரவர் துணியைத் தனியாக மெஷினில் போடுகிறார்கள். அவரவர் துணி முடிந்ததும் மெஷின் காலியாகிவிட்டது என்று அவரவராக நினைத்துக்கொள்கிறார்கள். அத்தையின் புதுச் சிவப்புச் சேலை ஈரத்தோடு அடியில் சுருண்டு கிடந்ததைப் பார்க்காமல் என் கணவர் என் லேப் கோட்டுகள் நான்கையும் வெந்நீரில் போட்டுவிட்டார். உதவியாம்.

நான்கு கோட்டும் ரோஸ்மில்க்.

வேறு வழியில்லாமல் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி, "மேடம், கோட் சூப்பரா இருக்குங்க மேடம், எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் வருத்தம்.

நவம்பர் 23

விதிகள் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். சிவப்பு திங்கள், கறுப்பு செவ்வாய், பச்சை புதன், வெள்ளை வியாழன். குளிர்ந்த தண்ணீர் மட்டும். புதுத் துணி என்றால் உள்மடிப்பில் ஒரு ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தி, கைக்குட்டையில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே வாளிக்குள் போகவேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கவேண்டும். துவைத்ததை ஈரமாகக் குவித்து வைக்கக்கூடாது. நிழலில் காயவேண்டும். போடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் மெஷினுக்குள் கையை விட்டுத் துழாவவேண்டும்.

மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று மிருதுளாவுக்குக் காட்டினேன். சோப்புத்தூள் எங்கே இருக்கிறது, காஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, அவள் அப்பாவின் பிரஷர் மாத்திரை எந்தக் கடையில் வாங்குவது என்றும் சொல்லிவைத்தேன். இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டிய வயதுதான்.

எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றாள். எதிர்த்துப் பேசவில்லை. பழனி ஆண்டவரின் முதல் சாதனை.

நவம்பர் 24

அத்தை என் விதிகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உப்பு எங்க?"

"உப்பு வேண்டாமுங்கத்தை."

"சாயம் போற சேலைய மொதத் தடவ கல்லுப்புத் தண்ணில ஊறப்போடோணும். இது கூடவா உங்க காலேசில சொல்லித்தரல?"

சாயப்பட்டறையில் உப்புப் போடுவது சாயம் துணிக்குள் ஏறுவதற்காக. ஏறாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை வீட்டு வாளியிலுள்ள உப்பு பிடித்து நிறுத்தாது. விளக்கிச் சொன்னேன். அத்தை நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "இருக்கட்டும், நீ ஒரு கை போடு," என்றார்.

சோதனை செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். அந்தச் சிவப்புச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை நான்கு துண்டாக்கி நான்கு வாளி. ஒன்றில் உப்பு, ஒன்றில் படிகாரம், ஒன்றில் வினிகர், நான்காவதில் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை.

"இதுல ஏன் ஒண்ணும் போடல?" என்றார் அத்தை, நான்காவதைக் காட்டி.

"இது கண்ட்ரோலுங்க. எதுவுமே போடாட்டி என்ன ஆகும்னு தெரிஞ்சாத்தான், மத்தது வேலை செஞ்சுதா இல்லையான்னு சொல்லமுடியும்."

"கண்ட்ரோலு வாளி," என்று அத்தை சொல்லிப்பார்த்துக்கொண்டார். முகத்தில் திருப்தியில்லை.

நவம்பர் 25

நான்கு கைக்குட்டையிலும் சாயம். உப்பு வாளியும் கண்ட்ரோல் வாளியும் அச்சாக ஒரே நிறம். உப்பால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான முடிவு கிடையாது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும் அம்மிணி. நாந்தான் அதுலயும் ஒரு கை போட்டேனே."

"எதுக்குங்கத்தை?"

"எல்லாத்துக்கும் எதாச்சும் போட்ட. அது ஒண்ணுக்கு மட்டும் ஒண்ணுமே போடல. பாவமா இருந்துச்சு."

இருபத்து நான்கு வருட ஆசிரியப் பணியில் ஒரு சோதனை இப்படிக் கெட்டு நான் பார்த்ததில்லை.

நவம்பர் 26

முடிவு வந்தது. தெளிவாக இல்லையாம். எடுத்த சதை போதாது, இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார்.

வெள்ளைத் துணிகளை ஊறவைத்தேன்.

நவம்பர் 29

விரதம் மனிதர்களை ஒழுங்குபடுத்துகிறது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொண்டாகவேண்டும். நான் வாளியைத் தொட்டால் மூன்று பேர் ஓடிவருகிறார்கள். அவர் மாடிக்குத் துணி தூக்கிக்கொண்டு போகிறார். மிருதுளா பாத்திரம் கழுவுகிறாள். நான் கொடியில் துணி போடும்போது அத்தை பக்கத்தில் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஒத்தக் கையில போடறியே அம்மிணி. எடது கைக்கு என்ன வேண்டுதலா?"

"கை வலிங்கத்தை. போர்டுல எழுதறது."

"எடது கைலயா எழுதற?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே துணியை வாங்கிப் போடத் தொடங்கிவிட்டார்.

பொங்கலுக்குச் சேலை எடுக்கப் போகலாமா என்று என் கணவர் கேட்டார். இந்த வருடம் எனக்கு வேண்டாம் என்றேன். இருப்பதையே கட்டித் தீர்க்கமுடியவில்லை. வாங்கிய துணி கட்டாமல் கிடந்தால் வீண்தானே.

அவர் சந்தனத்தைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 2

சேலத்தில் தேர்வுப்பணி என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போய்வந்தேன். அதே மருந்து, அதே ஊசி. "இன்னைக்கும் யாரும் வரலீங்களா?" அதே பதில்.

இந்த முறை கவனமாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டு, விட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கறைமேல் ஊற்றினேன். பழுப்பு சுத்தமாகப் போய்விட்டது. சோப்புப் போட்டு நானே அலசிக் காயப்போட்டேன். ஒரு பொட்டுக்கூட இல்லை.

டிசம்பர் 5

செவ்வாய்க்குரியதை வியாழனில் போட்டிருக்கிறார்கள். ரோஸ்மில்க் கோட்டுகள் இப்போது சாம்பல்.

டிசம்பர் 8

சாம்பலில் பச்சைத் திட்டு. மிருதுளாவின் துப்பட்டா. "புதன்தானேம்மா இன்னைக்கு?" என்றாள். ஞாயிறு.

இந்த வீட்டில் யாருக்கும் கிழமை நினைவில்லை. முன்பெல்லாம் அப்படி இல்லை. எல்லாருக்கும் கவனம் வேறெங்கோ இருக்கிறது.

சாப்பிடும்போது அவர் திடீரென்று, "திலகா, உனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லு," என்றார்.

"கறுப்பு செவ்வாய்க்கிழமை," என்றேன்.

"அதில்ல."

"வேற என்ன சொல்றதுக்கு இருக்குதுங்க?"

"சரி சாமி," என்றார். என்னைச் சாமி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 11

நாளை முடிவு. நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். நல்ல செய்தியைப் போனிலேயே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. தோன்றுவதெல்லாம் ஆதாரமாகாது.

வீட்டில் பல்கலைக்கழகக் கூட்டம் என்று சொன்னேன். அவர் தனக்கு ஆபீஸில் ஆடிட் என்றார். அத்தை நாள் முழுக்க பஜனை என்றார். மிருதுளா காலையிலிருந்து மீட்டிங், கதவைத் தட்டவேண்டாம் என்றாள். எல்லாருக்கும் வேலை இருப்பது நல்லதுதான்.

இஸ்திரி போட்ட சேலை எதிலும் மனம் ஒட்டவில்லை. கடைசியில் பழைய கிரீம் நிறச் சேலையை எடுத்துவைத்தேன். சாயம் போக அதில் எதுவும் இல்லை.

டிசம்பர் 12

விவரமாக எழுதிவைக்கிறேன்.

காலைப் பேருந்தில் கூட்டம். பின்பக்கம் ஏழெட்டுச் சிவப்புச் சேலைகள், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. முன்பக்கம் கறுப்பு வேட்டிச் சாமிகள் ஐந்தாறு பேர். ஒருவர் முகத்தின்மேல் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மார்கழி நெருங்கும்போது எந்தப் பேருந்தும் இப்படித்தான் இருக்கும். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பெருந்துறை வரை எதையும் யோசிக்காமலிருக்க முயன்றேன். பெருந்துறைக்குப் பிறகு முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் பேரைக் கூப்பிட முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா படித்தார், புரட்டினார், மறுபடி படித்தார். பிறகு, "வெறும் கட்டிதாங்க. புற்றுநோய் இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து காட்டுங்க," என்றார்.

நான் நன்றி சொன்னேன். கைப்பையை இரண்டு முறை திறந்து மூடினேன். எழுந்து வெளியே வந்தேன்.

எதிர்வரிசை நாற்காலிகளில் வலமிருந்து இடமாகச் சிவப்பு, கறுப்பு, பச்சை.

என்னைக் கவனிக்காமல் மூவரும் அடிக்குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா கொழந்தை, ஆடிட்டுன்னுதானே சொன்னே?"

"நீ பஜனைன்னு சொல்லலியாம்மா? இந்த வயசுல பஸ்ல தனியா..."

"தனியா எங்க வந்தேன்? கோயிலுக்குப் போறவளுக ஏழு பேரு இருந்தாளுக, நடுவுல உக்காந்துக்கிட்டேன். நீதான் மூஞ்சில துண்டப் போட்டுக்கிட்டு வந்தே. அந்தத் துண்டு நான் தொவச்ச துண்டுடா, எனக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும். இது ஆஸ்பத்திரி."

"நீ மீட்டிங்குன்னு கதவச் சாத்துனவதானே? நீ எப்படி வந்தே?"

"ரயில்ல. அம்மா போன்ல லொகேஷன் நான்தானே போட்டுக்குடுத்தேன். கருத்தரங்கு, சேலம், எல்லாம் இந்த ஆஸ்பத்திரிலதான் நடந்திருக்கு."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். மூவரும் எழுந்தார்கள். என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது எங்கள் வீட்டின் பழைய புகார். அத்தை இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "ஐயோ என்ற சாமி!" என்று அழத் தொடங்கினார்.

"ஒண்ணுமில்லீங்கத்தை," என்றேன்.

அழுகை இரண்டு மடங்காயிற்று.

"நிஜமாலுமே ஒண்ணுமில்லீங்க. நல்ல முடிவுதான்."

"ஒரு மாசமா இதத்தானேம்மா சொல்லிட்டிருக்கே," என்றாள் மிருதுளா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "கேட்டா மைங்கற. நீ மைப் பேனா பிடிச்சு நான் பார்த்ததே இல்ல."

அவர் நேராக டாக்டரம்மா அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே அத்தை. பின்னாலேயே மிருதுளா. நானும் போகவேண்டியதாயிற்று. உள்ளே இன்னொரு நோயாளி உட்கார்ந்திருந்தார். கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக ஆட்கள் நுழைவதைப் பார்த்து நன்கொடை கேட்க வந்திருப்பதாக நினைத்துப் பர்ஸைத் திறந்தார்.

"என்ற மருமக பொய் சொல்றாளுங்க," என்றார் அத்தை. "நீங்க சொல்லுங்க. கெட்டதா இருந்தாலும் தாங்கிக்குவோம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "யாருமே இல்லைன்னீங்களே?"

டாக்டரம்மா அதே வார்த்தைகளை மூன்று முறை, மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். என் கணவர் மட்டும் அறிக்கையை வாங்கி, இன்சூரன்ஸ் கோப்பு பார்ப்பதுபோல் வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் வந்து நின்று, கறுப்புத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பேருந்தில் மூடிக்கொண்டிருந்தாரே, அதேபோல.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் மிருதுளாவின் அப்பா. பின்சீட்டில் நானும் அத்தையும் அவரும். காங்கயம்பாளையம் தாண்டும்போது எல்லாம் வெளியே வந்தது. ஒரே ஒரு ரவிக்கைதான் காரணம். அவர் கொடியில் நீலத்தைப் பார்த்ததும் அயோடின் என்று தெரிந்துகொண்டாராம், எம்.எஸ்ஸி. அத்தனை சீக்கிரம் மறந்துபோகவில்லை. மிருதுளாவுக்கு நான் மை என்று சொன்னதில் சந்தேகம். முகர்ந்ததில் ஆஸ்பத்திரி வாசனை. அத்தைக்கு அது பழைய பழக்கம், மாமனாரின் கடைசிக் காலத்தில் புண்கட்டுத் துணி கஞ்சி வேட்டியில் உரசி இப்படித்தான் நீலமாகுமாம்.

"அப்புறம் ஏனுங்கத்தை லுங்கிச் சாயம்னீங்க?"

"உனக்குச் சொல்ல இஷ்டமில்ல. நாம ஏன் கேக்கோணும்னு இருந்துட்டேன்."

மூவரும் தனித்தனியாக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. முட்டிக்கால், ஆபீஸ், எடை.

"நீ அந்த ரூல்ஸ் எழுதி ஒட்டுனியேம்மா," என்றாள் மிருதுளா முன்சீட்டிலிருந்து, திரும்பாமல். "காஸ் புத்தகம் எங்கேன்னு சொன்னியே. அப்பத்தான் எனக்கு நிஜமாலுமே பயமாயிருச்சு."

சாயம் கலக்காமலிருக்கத்தான் எழுதினேன் என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"ஒரு சந்தேகம் திலகா. ரெண்டாவது தடவ உன் ரவிக்கைல ஒரு பொட்டுக் கறையில்ல. விட்டமின் சி டப்பால மாத்திரை குறைஞ்சிருந்துச்சு. மொதத் தடவ மட்டும் எப்படிக் கறையோட அம்மாவோட வாளில போட்டே?"

மறந்துவிட்டேன் என்றேன்.

"இருபத்து நாலு வருஷமா நடத்தற பாடத்தையா?"

அலுப்பாக இருந்தது, மறந்துவிட்டேன் என்றேன் மறுபடியும்.

"சரி சாமி," என்றார்.

டிசம்பர் 13

காலையிலிருந்து வீட்டில் தகராறு. எந்தச் சாமி செய்தது என்று. மாலையை முதலில் தான் போட்டதாக அத்தை சொல்கிறார். அவர் தன் விரதம்தான் கடுமையானது என்கிறார். மிருதுளா, தான் இன்னும் நடக்கவே இல்லை, நடப்பதற்கு முன்பே கொடுத்ததால் முருகன்தான் என்கிறாள்.

"நீயே சொல்லு அம்மிணி, படிச்சவ."

மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டதால் எது வேலை செய்தது என்று சொல்ல வழியில்லை என்றேன். எதுவும் செய்யாமலிருந்தாலும் அந்தக் கட்டி அதே கட்டியாகத்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னேன்.

"இருக்கட்டும்," என்றார் அத்தை. "தை வரைக்கும் வெரதத்த முடிச்சுப்போடறோம்."

ஆக, தை வரை முட்டையும் கிடையாது.

பொங்கல் சேலை எடுக்க ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நானே சொன்னேன். சிவப்பும் கறுப்பும் பச்சையும் வேண்டாம் என்று நிபந்தனை.

டிசம்பர் 15

சேலை எடுத்தாயிற்று. அரக்கு. என் நிபந்தனையை நானே மீறினேன். கைக்குட்டையை நனைத்து அழுத்திப் பார்த்தேன். சாயம் தாராளமாகப் போகிறது.

சோதனையை முறையாக மறுபடி செய்வது என்று முடிவு செய்தேன். இந்தச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை நான்காக வெட்டி, அதே நான்கு வாளி. உப்பு, படிகாரம், வினிகர், நான்காவதில் ஒன்றுமில்லை. கண்ட்ரோல் வாளி அருகில் யாரும் போகக்கூடாது என்று மூவரிடமும் சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள். நான் கைக்குட்டை எடுக்க உள்ளே போய்விட்டு வந்தேன்.

மூவரும் மூன்று பக்கம் வேலையாக இருந்தார்கள். மிருதுளா செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் வானத்தைப் பார்த்தார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கூடத்தில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதே என்பதுதான் முதலாமாண்டுப் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் விதி. கண்ட்ரோல் வாளியில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு. ஒரு கை இல்லை, மூன்று கை.

தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. சேலையை முழுசாக அதிலேயே முக்கிவைத்தேன்.